தொப்பூர் இறக்கமும் எட்டு மெய்ப்பாடுகளும்

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழ் படித்தபோது, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நான் படித்தது பெரும்பாலும் அந்தப் பஸ்ஸில்தான். காதலும் மர்மமும் கலந்த ஒரு நாவலையும் அப்போது எழுதி முடித்து, ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தேன். அது திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: "சம்பவங்கள் நன்றாக இருக்கின்றன, ஆட்கள் மனதில் நிற்கவில்லை." அந்த வரி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. இப்படி ஒரு கதையை எழுத முயல்கிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

என் கதை இது. தேன்மொழி எங்கள் ஊர் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறாள். அவளுடைய அண்ணன் லாரி டிரைவர். பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து இறந்துபோகிறார். மண்டிக்குப் புதிதாக வேலைக்கு வரும் முருகன் மேல் அவளுக்கு அன்பு வருகிறது. அந்த இரவு அதே லாரியில் கிளீனராக இருந்தவன் அவன் என்பது கடைசியில்தான் தெரியும்.

முதல் பிரதியில் முருகனை நான் வெறும் 'மர்மமானவன்' ஆக்கி வைத்திருந்தேன். பேசமாட்டான், திடீரென்று எழுந்து போய்விடுவான், இரவில் தனியாக நிற்பான். ஏன் என்று எனக்கே தெரியாது. வாசகரிடம் மறைப்பதற்காக அவனை மறைத்தேனே தவிர, அவன் யாரிடம் எதை, எதற்காக மறைக்கிறான் என்று யோசிக்கவில்லை. என் பிழை அங்கேதான் இருந்தது.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் பொருளதிகாரப் பகுதியான மெய்ப்பாட்டியலுக்கு வந்தேன். நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணம், ஆக 32. மனப்பாடம் நிற்கவே இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் என் கதை மாந்தருக்குப் பொருத்திப் பார்த்துப் படித்தேன். (தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தனக்குத் தெரிந்த ஒரு முகத்தோடு சேர்த்துப் படித்தது மறக்காது.) அப்படிப் பொருத்தும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அழுகைக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு காரணங்கள் இளிவு, இழவு, அசைவு (தளர்ச்சி), வறுமை. இழவுக்கும் முன்னால் இளிவை வைத்திருக்கிறார். சாவு போன்ற இழப்பைச் சொல்வதற்கு முன் அவமானத்தைச் சொல்கிறார்!

அன்று பஸ்ஸிலேயே தேன்மொழி எனக்குப் புரிந்தாள். அண்ணன் இறந்ததற்காக மட்டும் அவள் அழவில்லை. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுத்தான் அவர் கவிழ்த்தார் என்று மண்டி முழுக்கப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்காக அழுகிறாள். அந்தப் பழியைத் துடைக்கத்தான் உண்மையைத் தேடுகிறாள். சரி, அப்படியானால் முருகன் யார்? அந்த இரவு அண்ணன் கண் அசந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தவன். நியூட்ரலில் விட்டவனும் அவனே. உண்மையைச் சொன்னால் அவள் மானம் திரும்பும், ஆனால் அவள் போய்விடுவாள். அவனுடைய காதலுக்கும் பயத்துக்கும் ஒரே காரணம் அமைந்துவிட்டது. இந்த ஒற்றை முடிச்சு கிடைக்கும்வரை எழுத உட்காராதீர்கள். காதல் ஒரு பக்கம், மர்மம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக ஓடினால் ஆட்கள் மெலிந்துபோவார்கள். நம் இலக்கியம் சொல்லும் களவு ஒழுக்கமே, அந்த மறைவான காதலே, அப்படிப்பட்டதுதானே? அலர், அதாவது ஊர்ப் பேச்சு, எழுமோ என்ற அச்சம் இல்லாமல் களவில் உவகை ஏது?

அப்புறம், உணர்ச்சியை உடம்பில் காட்டுங்கள். மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது. திருத்தி எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. இருவரும் பஸ்ஸில் சேலம் போகிறார்கள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் தொடங்குகிறது. முருகன் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறான், உள்ளங்கை வியர்க்கிறது, அவள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. தன் தோள் பட்ட கூச்சம் என்று நினைத்துத் தேன்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்கிறாள். முதல் முறை படிக்கும்போது அது காதல் காட்சி. உண்மை தெரிந்த பிறகு திரும்பிப் படித்தால் அச்சம். கூச்சமும் பொய்யில்லை, அவனுக்கு அதுவும் இருக்கிறது. ஒரே வியர்வைக்கு இரண்டு காரணம்.

இதற்கு நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் மற்றவர் பார்க்கும் மெய்ப்பாடு எது, உள்ளே இருப்பது எது என்று இரண்டே வரி. இரண்டும் ஒன்றாகவே இருந்த காட்சிகளில் பாதிக்கு மேல் வெட்டினேன். எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். அண்ணன் சட்டையை மடித்து வைக்கும் காட்சியில் அவள் அழுகிறாள், அவ்வளவுதான். அங்கே அடுக்கு எதுவும் வேண்டியதில்லை.

இன்னொன்று: மறைப்பவனுக்கும் நியாயம் இருக்கட்டும். முருகன் மாதா மாதம் யாருக்கும் தெரியாமல் அவள் அம்மாவின் மருந்துக் கடைப் பாக்கியைக் கட்டுகிறான். அது அன்பா, குற்றவுணர்வா என்று அவனுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

தேர்வில் மெய்ப்பாட்டியல் கேள்வி வந்தது. 32 நிலைக்களன்களும் வரிசை மாறாமல் நினைவுக்கு வந்தன. இளிவு என்று எழுதும்போது தேன்மொழியின் முகம் வந்தது. அடுத்த ஞாயிறு காலை நாவலின் முதல் அத்தியாயத்தை மறுபடி தொடங்கினேன், இந்த முறை மண்டியில் நடக்கும் அந்தப் பேச்சிலிருந்து.