மயில்துத்தத்தைச் சூடாக்கிப் பார்த்தேன்: கண் சொன்னதும் தராசு சொன்னதும்

போர்டோ கலவை என்ற பயிர்ப் பூஞ்சைக்கொல்லிக்காக உரக்கடையில் விற்கும் மயில்துத்தம்தான் (நீர் சேர்ந்த காப்பர் சல்பேட்டின் நீலப் படிகம்) வாங்கினேன். சூடாக்கி அந்த நீரை விரட்டிப் பார்ப்பதுதான் நோக்கம். அதைப் பொடித்து, 10 கிராம் நிறுத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டேன். தீயை நேராகக் காட்டினால் ஓரங்கள் கருகிவிடும். காப்பர் சல்பேட்டே சிதைந்து கறுப்பு ஆக்சைடு வந்துவிடும். அதனால் பழைய இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, கிண்ணத்தை அதில் புதைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் செருகினேன். (அந்தச் சட்டி இனி சமையலறைப் பக்கம் போகாது. மயில்துத்தம் விஷம்.)

100 டிகிரியை நெருங்கும்போதே பொடி வெளுக்கத் தொடங்கியது. மேலே குளிர்ந்த கண்ணாடித் துண்டைப் பிடித்தால் பனி படர்ந்து சொட்டு சேர்கிறது. 130 டிகிரியில் கொஞ்ச நேரம் விட்டபிறகு பார்த்தால் நீலம் போய்விட்டது. வேலை முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் ஆறவிட்டு நிறுத்தபோது 7.1 கிராம்!

கணக்கு வேறு சொல்கிறது. மயில்துத்தத்தில் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள். ஒரு மோல் (வேதியியலில் மூலக்கூறுகளை எண்ணும் அலகு) மயில்துத்தம் 249.7 கிராம், அதில் அந்த ஐந்து நீரின் பங்கு மட்டும் 90. அதாவது 10 கிராமில் 3.6 கிராம் தண்ணீர். முழுக்கப் போனால் 6.4தான் மிஞ்ச வேண்டும். 7.1 என்றால் நான்கு போய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒன்று கிளம்ப 200 டிகிரிக்கு மேல் வேண்டும். மணலை 230 வரை ஏற்றினேன்; தராசு 6.4-க்கு இறங்கியது. 130 டிகிரியோடு நிறுத்திய வேறொரு பொடியையும் இதையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்தால்தான் முன்னதில் லேசான பச்சைச் சாயல் தெரிகிறது. டியூப்லைட்டில் இரண்டும் வெள்ளைதான். இந்த விஷயத்தில் நான் இனி கண்ணை நம்பப்போவதில்லை.

செம்பு அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நிற்பதால் வருவது அந்த நீலம். அவை விலகினால் நிறமும் போகும், திரும்பினால் வரும். வெண்பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் ‘சுர்’ரென்று நீலமானது, சொட்டு விழுந்த இடம் சூடானது. நீர் திரும்ப ஒட்டும்போது வெளிவரும் வெப்பம் அது.

கேமரா பையில் ஈரம் உறிஞ்சக் கிடந்த, கோபால்ட் உப்பு போட்ட சிலிக்கா ஜெல் மணிகளையும் இதே மணலில், 110 டிகிரியில் வைத்தேன். ஈரத்தில் இளஞ்சிவப்பாகிக் கிடந்த மணிகள் ஒவ்வொன்றாக நீலமாயின. அங்கே நீர் போனால்தான் நீலம்!

அடுத்தது அன்னபேதி, அதாவது பச்சை நிற இரும்பு சல்பேட் படிகம். அதில் ஏழு நீர், எடையில் சுமார் 45 சதவீதம். மிஞ்சிச் சுட்டால் கந்தக வாயுக்கள் வெளியேறிச் சிவந்த இரும்பு ஆக்சைடுதான் மிஞ்சும். தண்ணீர் விட்டாலும் பச்சை திரும்பாது. அதை மொட்டைமாடியில், காற்று வீசும் நாளில்தான் செய்யப்போகிறேன்.