கல்லு மாதிரி இருக்கேன், எனக்கென்ன?

கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்ப்பது என் வேலை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021-ல் வந்ததே, அதுதான். பெட்டியைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: "எனக்கென்ன தங்கச்சி, கல்லு மாதிரி இருக்கேன்."

பொய்யில்லை. கவாத்து வெட்டி, கொழுந்து மூட்டையை மேடேற்றி லாரியில் போடுகிற ஆள். மூச்சு வாங்காது. மூச்சு வாங்காதவனுக்கு மாரடைப்பு எங்கே வரும் என்பது இங்குள்ளவர்கள் கணக்கு. ஆனால் பிரஷருக்கு வலி கிடையாது, கொழுப்புக்கும் கிடையாது. அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கி, இதய நோய் அறிகுறியே இல்லாத 5,209 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்துத்தான் பிரஷர், கொழுப்பு, புகை எல்லாம் எவ்வளவு ஆபத்து என்று புரிந்துகொண்டார்கள். அவர்களும் நல்லா இருக்கேன் என்று சொன்னவர்கள்தானே!

முதல் சண்டை ஸ்வெட்டரோடு. குளிரில் கழட்டவே மாட்டார்கள். துணிக்கு மேல் பிரஷர் பட்டையைச் சுற்றினால் அளவு தப்பும். மேடேறி வந்தவரை ஐந்து நிமிஷம் உட்கார வைக்க வேண்டும், பேச விடக் கூடாது. இந்த ஊரில் அது நடக்கிற காரியமா?

அப்படி உட்கார வைத்த அண்ணன் ஒருவர். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, பீடி. மேல் எண் 164. "மெஷின் ரிப்பேர்" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கலர் சார்ட் ஒன்றை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். 40 முதல் 74 வயதுக்காரர்களுக்கு. வயசு, புகை, பிரஷர், உடல் பருமன் பார்த்து, இப்படிப்பட்ட நூறு பேரில் பத்து வருஷத்தில் எத்தனை பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாம் என்று காட்டும். அவர் விரலைப் பிடித்துப் புகைக்கிறவர் கட்டத்தில் வைத்தேன். பிறகு அதே வரிசையில் புகைக்காதவர் கட்டத்துக்கு நகர்த்தினேன். எண் இறங்கியது. "பீடிக்கு மட்டுமா இவ்வளவு?" என்றார். (இந்த ஊர்க்காரர்கள் விரும்பித் தின்கிற கொழுப்புப் பலகாரமான வர்க்கியைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை, ஊரே சண்டைக்கு வரும்.)

பக்கத்து வீட்டு அக்கா நேர்மாறு. "ஹார்ட் வீக்" என்று மாடிப்படிகூட ஏற மாட்டார். பிரஷர் 118/76, சுகர் சரி, சார்ட்டில் பச்சை. ஆனாலும் நெஞ்சு எரிச்சல் என்றதால் டாக்டரிடம் அனுப்பினேன். நெஞ்சில் தொந்தரவு இருக்கிறவருக்குச் சார்ட் பதில் சொல்லாது.

அண்ணனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு நாளும் பார்த்து மாத்திரை எழுதினார்கள். 130-க்கு வந்ததும் நிறுத்திவிட்டார். "இப்போ நல்லாத்தானே இருக்கு?" மாத்திரையால்தான் நல்லாயிருக்கு என்று சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் மாத்திரை அட்டையை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.