சண்டை வந்தா நான்தான் போகணும் டீச்சர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை டியூஷன்ல உக்ரைனைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். உயர்நிலை நாலாம் வகுப்புப் பிள்ளைங்க, சிங்கப்பூர்ல செங்காங்ல எங்க வீட்டு ஹால்லதான் வகுப்பு. இந்தச் சண்டை ஏன் இன்னும் ஓயலன்னு கேட்டேன், ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. ஜன்னல் ஓரமா உக்காந்திருந்த ஒரு பையன், பொதுவா வாயே திறக்க மாட்டான், திடீர்னு நிமிர்ந்து பார்த்து சொன்னான்: "டீச்சர், இங்க சண்டை வந்தா நீங்க ஃப்ளைட் ஏறி இந்தியா போயிடலாம். நான்தான் போகணும்."

கோபமா சொல்லல, நாளைக்கு மழை வரும்னு சொல்ற மாதிரிதான் சொன்னான். ஆனா எனக்குச் சுருக்குன்னு குத்திடுச்சு. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, வீடு வாங்கியாச்சு, என் மகன் பேசுற தமிழ்லயே இந்த ஊர்க்காரங்க பேச்சுக் கடைசில சேர்க்கற 'லா' வந்தாச்சு, இன்னமும் நான் பெட்டி கட்டத் தயாரா நிக்கிற ஆளாத்தான் இந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியறேனான்னு அன்னைக்கு முழுக்க மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு.

உலகச் செய்தியெல்லாம் தமிழ் டியூஷன்ல எதுக்குன்னு சில அம்மாக்கள் கேட்பாங்க. உயர்நிலை முடிவுல வர்ற ஓ நிலை வாய்மொழித் தேர்வுல ஒரு காணொளியைக் காட்டிட்டு அதைப் பத்திப் பேசச் சொல்வாங்க, கருத்து சொல்லத் தெரியலன்னா மார்க் போச்சு, கருத்து வேணும்னா நாட்டு நடப்பு தெரியணும், அதனால இந்த ஊரு நாளிதழ் தமிழ் முரசுல ஒரு செய்தியைப் படிச்சிட்டு ஆரம்பிக்கிறோம்னு சொல்வேன். அது உண்மைதான். ஆனா இன்னொரு உண்மையும் இருக்கு, எனக்கே அந்தப் பேச்சு வேண்டியிருக்கு. சனிக்கிழமை அந்த ரெண்டு மணி நேரம் இல்லன்னா வாரம் பூரா நான் யார்கிட்ட அரசியல் பேசுறது?

நம்ம ஊரை நினைச்சுப் பாருங்க. மதுரைப் பக்கம் எங்க ஊர் டீக்கடைல "இங்கு அரசியல் பேசாதீர்கள்"னு போர்டு தொங்கும், உங்க ஊர்லயும் தொங்கியிருக்கும். அந்த போர்டுக்கு நேர் கீழ உக்காந்துதான் மொத்த அரசியலும் ஓடும். ஒரே தினத்தந்தி நாலு தாளா பிரிஞ்சு நாலு பெஞ்சுல கிடக்கும், படிக்கத் தெரியாதவருக்காக ஒருத்தர் சத்தமா வாசிப்பார், வளைகுடாப் போர் நடந்த 1991ல எல்லாம் ஸ்கட் ஏவுகணை எவ்வளவு தூரம் போகும்னு மாஸ்டர் டீயை ஆத்திக்கிட்டே விளக்குவார். அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு வரும்போது அந்த வாக்குவாதம் பாதி அவர் கூடவே வீட்டுக்கு வந்துடும், அம்மா ரசத்தை ஊத்திக்கிட்டே "அந்த புஷ்ஷை விடுங்க, முதல்ல ரேஷன் கார்டைப் பாருங்க"ம்பாங்க. அப்படி வளர்ந்துட்டு இங்க வந்தா, புளோக் கீழ கோப்பிக்கடைல பேச்சு முழுக்க சாப்பாடு, கார் வாங்க எடுக்க வேண்டிய சிஓஇ உரிமத்தோட விலை, பிள்ளைங்க தொடக்கப்பள்ளி முடிவுல எழுதற பிஎஸ்எல்இ தேர்வு. அரசியல் இல்லாம இல்ல, ஆனா குரல் தாழ்ந்துதான் வரும், அதுவும் நல்லாப் பழகின பிறகு.

2025 மே 3 பொதுத் தேர்தலப்போ இதை ரொம்ப உணர்ந்தேன். ஒன்பது நாள்தான் பிரசாரம். விளக்குக் கம்பத்துல வேட்பாளர் படம் ஒழுங்கா ஒரே உயரத்துல தொங்குது, ஓட்டுக்கு முந்தின நாள் அமைதி நாள், யாரும் பிரசாரம் பண்ணக்கூடாது. ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ இல்ல, சுவத்துல சின்னம் இல்ல, வீட்டு வாசல்ல கும்பிட்டுட்டு "அக்கா மறந்துடாதீங்க"ன்னு சொல்ற கூட்டம் இல்ல. வேட்பாளருங்க இங்கயும் வீடு வீடா வர்றாங்க, ஆனா மெதுவா தட்டிட்டு கை குலுக்கிட்டுப் போறாங்க. எனக்கு ஓட்டு கிடையாது, நான் நிரந்தரவாசி, குடிமக்கள்தான் போட முடியும், வெளிநாட்டுக்காரங்க பிரசாரத்துலயும் கலந்துக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதுல எனக்கு வருத்தம் இல்ல, ஒரு நாடு அப்படி நினைக்கிறது நியாயம்தான். வருத்தம் எங்கன்னா, இந்தியாலயும் ஓட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான், வெளிநாட்டுல இருக்கறவங்க பதிவு பண்ணிக்கலாம், ஆனா அவங்கவங்க தொகுதிக்கு நேர்ல போய்த்தான் போடணும். 2024 ஏப்ரல் 19 அன்னைக்கு குடும்ப வாட்ஸப் குரூப்ல எல்லாரும் மை வச்ச விரலைப் படம் பிடிச்சுப் போடுறாங்க, பெரியம்மா விரல், சித்தப்பா விரல், புதுசா பதினெட்டு ஆன தம்பி மகன் விரல், நான் ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன்.

சிங்கப்பூர்த் தேர்தல் முடிவு வர்ற அன்னைக்கு ராத்திரி டிவி முன்னாடி உக்காந்து 97ல 87 மக்கள் செயல் கட்சி, 10 பாட்டாளிக் கட்சின்னு தெரியற வரைக்கும் தூங்கல. மறுநாள் காலைல அப்பா போன். எண்பது வயசாச்சு, முதல் கேள்வியே "யாரும்மா ஜெயிச்சா, எவ்வளவு வித்தியாசம்?" அரை மணி நேரம் பேசினோம், மனசு நிறைஞ்சு போச்சு.

பிள்ளைங்க விஷயத்துக்கு வர்றேன். இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு அரசியல் ஆர்வம் இல்லன்னு ஊர்ல இருந்து வர்றவங்க நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அவங்களுக்கு உலகச் செய்தி வேற வாசல் வழியா வருது, அவ்வளவுதான். 2022 ஜூன் 1ல இருந்து மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தினதும், அப்போ இருந்த பேட்ச் பிள்ளைங்க வகுப்புக்கு வந்ததும் வராததுமா "டீச்சர், சிக்கன் ரைஸ் கிடைக்காதாம்!"னு கத்தினாங்க. அன்னைக்கு மட்டும் யாரையும் நான் பேசச் சொல்ல வேண்டியிருக்கல. சாப்பாட்டுல 90 சதவீதத்துக்கு மேல வெளிய இருந்துதான் வருது, ஜோகூர்ல இருந்து வர்ற தண்ணிக்கு 1962ல போட்ட ஒப்பந்தம் 2061ல முடியுது, அப்போ நமக்கு என்ன வயசுன்னு விரல் விட்டு எண்ணினாங்க. 2025 ஏப்ரல்ல அமெரிக்கா கிட்டத்தட்ட எல்லா நாட்டு மேலயும் வரி போட்டப்போ, "நம்ம கூடத்தான் அவங்களுக்கு 2004ல இருந்தே தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கே, அப்புறம் எதுக்கு 10 சதவீதம்?"னு கேட்டது, அப்பா துறைமுகத்துல வேலை பாக்கிற ஒரு பொண்ணு. கப்பல் குறைஞ்சா அப்பாவுக்கு ஓவர்டைம் குறையும், டிசம்பர் லீவுல ஊருக்குப் போற பிளான் போயிடும். டீக்கடைல நாங்க பேசின உலகம் எங்க சட்டில கை வச்சதில்ல, இவங்களுக்கு வைக்குது.

உக்ரைன் விஷயமும் அப்படித்தான். 2022ல ரஷ்யா மேல சிங்கப்பூர் தானாவே தடை போட்டது, தென்கிழக்காசியாவுல வேற யாரும் அந்த அளவுக்குப் போகல. ஏன் போட்டாங்கன்னு கேட்டா இந்தப் பதினாறு வயசுப் பிள்ளைங்க டக்குன்னு சொல்லிடுவாங்க, பெரிய நாடு சின்ன நாட்டுக்குள்ள புகுந்தா இன்னைக்கு வாய மூடிட்டு இருந்தா நாளைக்கு நமக்காக யார் பேசுவா. 1983ல கிரெனடாத் தீவுல அமெரிக்கா படை இறக்கினப்பவும் ஐநா சபைல சிங்கப்பூர் அதை எதிர்த்துத்தான் ஓட்டு போட்டது, நண்பன்னு பாக்கலன்னு நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு 1983ன்னா கிரெனடா ஞாபகத்துல இல்ல. இலங்கைத் தமிழருக்காக யூனிஃபார்ம் பாவாடையோட பள்ளிக்கூட ஊர்வலத்துல நடந்தது, அக்காமாருங்க கோஷம் போடப் போட நாங்க சின்னதுங்க திருப்பிக் கத்தினது, யாழ்ப்பாணம்னா எங்க இருக்குன்னே தெரியாம அழுதது. பிள்ளைங்க பேனாவோட காத்துட்டு இருந்தாங்க, நான் ஒரு நிமிஷம் அங்க போயிட்டுத்தான் வந்தேன். அப்புறம் யாழ்ப்பாணத்தை வச்சே பேச்சைத் தொடர்ந்தேன், இந்த நாட்டோட முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம், நீங்க தினமும் காலைல சொல்ற உறுதிமொழியை எழுதினவர், பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைன்னு. "தமிழரா டீச்சர்?"னு நாலு பேர் ஒரே நேரத்துல கேட்டாங்க. அந்த முகங்களைப் பாக்கணும் நீங்க.

காஸாவைப் பத்திப் பேசுறது மட்டும் சுலபமா இல்ல. பள்ளிக்கூடத்துல குடியியல் பாடத்துலயும் அதைப் பேசினாங்க, ஆனா பிள்ளைங்க ரொம்ப யோசிச்சு, பக்கத்துல யார் இருக்காங்கன்னு பார்த்துத்தான் வாய் திறக்கறாங்க. ஆரம்பத்துல எனக்கு அது பயமாத் தெரிஞ்சது. இப்போ அப்படி நினைக்கல. 1964 ஜூலை 21 இனக் கலவரம் நடந்த நாளைத்தான் இங்க பள்ளிக்கூடத்துல இன நல்லிணக்க நாளா வச்சிருக்காங்க. மலாய்ப் பையன் வேட்டி கட்டிக்கிட்டு வர்றதுக்கும் சீனப் பொண்ணு பாவாடை சட்டைல வர்றதுக்கும் பின்னாடி அந்த ரத்தம் இருக்கு. எங்க எதிர்வீட்டு மலாய் அம்மா நோன்புக் காலத்துல கஞ்சி கொடுக்கும்போது கண்ணு கலங்கி நின்னாங்க, காஸான்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க, நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அதுவும் பேச்சுதான். ஆனாலும் நான் ஒண்ணு சொல்வேன், பிள்ளைங்க தப்பாப் பேசினாலும் பரவால்ல, பேசணும். திருத்திக்க இடம் இருக்கற வயசு அது.

சரி, அந்தப் பையன். அவனோட அண்ணன் போன வருஷம் தேசிய சேவைக்கு, அதாவது இங்க பசங்களுக்குக் கட்டாயமான ராணுவ சேவைக்குப் போனவன். பயிற்சி முகாம் இருக்கற புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகுல குடும்பத்தோட போய் விட்டுட்டு, கேம்ப்லயே கூட உக்காந்து சாப்பிட்டுட்டு, மகனை மட்டும் அங்க விட்டுட்டுத் திரும்பி வரணும். மொட்டை அடிச்ச படத்தை அண்ணன் அனுப்பினப்போ அம்மா அழுதாங்களாம். எனக்குக் கேக்கும்போதே, குலதெய்வம் கோயில்ல என் மகனுக்கு முதல் முடி இறக்கினது கண்ணுல வந்தது, தாய்மாமன் மடில உக்காந்து அவன் கத்தின கத்தல், அப்புறம் சந்தனம் பூசினதும் சிரிச்சது. அந்தத் தலைதான் இன்னும் மூணு வருஷத்துல தெக்கோங் போகப் போகுது. ஏன்னா நிரந்தரவாசியா வந்த எங்களுக்குக் கட்டாயம் இல்ல, எங்க மூலமா நிரந்தரவாசி ஆன மகனுக்குக் கட்டாயம். 1967ல கொண்டு வந்த சட்டம், பதினெட்டு வயசுல ரெண்டு வருஷம், அதுக்கப்புறமும் பெரும்பாலானவங்களுக்கு நாப்பது வயசு வரைக்கும் ரிசர்விஸ்ட், கூப்பிட்டா போகணும்.

ஊர்ல சொந்தக்காரங்க இதைக் கேட்டா "பேசாம பையனை இங்க அனுப்பிடு, காலேஜ் சேர்த்துவிடலாம்"ங்கறாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா எனக்கு எரிச்சலா வருது. இந்த நாட்டுத் தண்ணியையும் பள்ளிக்கூடத்தையும் பத்து மணிக்கு மேல பயமில்லாம நடக்கற ரோட்டையும் எடுத்துக்கிட்டு, கொடுக்க வேண்டிய நேரத்துல நழுவறது எப்படி சரியாகும்? எங்கப்பா 1965 ஜனவரில மதுரைல மாணவரா ரோட்டுல நின்னவர், இந்தி எதிர்ப்புல அடி வாங்கினவர், யாரும் அவரைக் கட்டாயப்படுத்தல. அந்த வீட்டுப் பிள்ளை இவன்.

அடுத்த வகுப்புலயே அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டேன், நீ போன கொஞ்ச நாள்லயே என் மகன் உன் பின்னாடி வர்றான்டா, அவனை அங்க விட்டுட்டு எந்த அம்மாவும் ஃப்ளைட் ஏற மாட்டான்னு. அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்போ அவனை இப்பவே ஓடச் சொல்லுங்க டீச்சர், ஃபிட்னஸ் டெஸ்ட்ல ரெண்டு புள்ளி நாலு கிலோமீட்டர், டைமிங் முக்கியம்"னான். அன்னைல இருந்து ரெண்டு பேரும் சாயங்காலம் கால்வாய் ஓரமா சேர்ந்து ஓடறாங்க.

ஒண்ணு கவனிச்சேன், இந்தப் பிள்ளைங்களுக்கு 1965ன்னா ஆகஸ்ட் 9, மலேசியால இருந்து பிரிஞ்சது, டிவில பிரதமர் லீ குவான் இயூ கண்ணீர் விட்டது, அவ்வளவுதான். பாடப் புத்தகத்துல இருக்கறது. அதனால போன வாரம் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டுல பெரியவங்க யார் இருக்காங்களோ அவங்ககிட்ட அந்த வருஷங்கள்ல நீங்க எங்க இருந்தீங்க, என்ன பயம் இருந்ததுன்னு தமிழ்லயே கேட்டுட்டு வாங்க. துறைமுகத்துக்காரர் பொண்ணோட தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பாத்தவராம். 1968ல பிரிட்டிஷ்காரன் தளத்தைக் காலி பண்றேன்னு அறிவிச்சதும் மொத்தக் குவார்ட்டர்ஸுக்கும் தூக்கம் போயிடுச்சாம். நாட்டு வருமானத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பித்தான் இருந்துச்சு. கூட வேலை பாத்தவங்க சிலர் ஊருக்குத் திரும்பிட்டாங்க. தாத்தா இருந்துட்டார், தளமே கப்பல் பட்டறையா மாறினப்போ அதுலயே வேலை கிடைச்சுது. "ஏன் தாத்தா நீங்க மட்டும் போகல"ன்னு இவ கேட்டிருக்கா, அவர் ரெண்டு மணி நேரம் பதில் சொல்லியிருக்கார், வீட்டுல அன்னைக்குச் சாப்பாடே லேட்டாம்.

இதுவரைக்கும் அவர்கிட்ட யாரும் அதைக் கேட்டதே இல்லையாம். இன்னும் சொல்ல நிறைய இருக்கு, சனிக்கிழமை வகுப்புக்கு நானே வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கார். சர்க்கரை இருக்காம், பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ கொசோங் போதுமாம்.