கிரிபாஸ்: உப்பின் மேல் மிதக்கும் குடிநீர்

பசிபிக் பெருங்கடலின் இந்தத் தீவு நாடு வரைபடத்தில் 'கிரிபாட்டி' என்று இருந்தாலும் வாயால் சொல்வது 'கிரிபாஸ்'. அங்குள்ளவர்களின் மொழியில் ஸகரத்துக்குத் தனி எழுத்து இல்லை. 'தி' என்று எழுதி 'ஸ்' என்று வாசிப்பார்கள். அந்தத் தீவுகளுக்கு இருந்த 'கில்பர்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் அவர்கள் நாவில் இப்படி ஆனது.

33 தீவுகள். நிலம் 811 சதுர கிலோமீட்டர். அதைச் சூழ்ந்து நாட்டுக்கு உரிமையுள்ள கடல் ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 1,20,000 பேர். பாதிக்குமேல் தலைநகரான தெற்கு தராவாவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். உயர்ந்து நிற்கும் பனாபா தீவைத் தவிர மற்றவையெல்லாம் தாழ்ந்த பவளத்தீவுகள். ஆறு கிடையாது.

பிறகு குடிநீர் எங்கிருந்து? பவள மணலில் இறங்கும் மழை, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் அதன்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 சென்டிமீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 சென்டிமீட்டர் இருக்கும். ஓதம் ஏறி இறங்கிக் கலக்கிவிடுவதால் உண்மையில் இதைவிடக் குறைவுதான். தீவு அகலமானால் வில்லை தடிக்கும். தீவு வளைத்திருக்கும் உள்கடலான காயல் பக்கம் மணல் பொடியாக இருப்பதால், நன்னீர் அங்கே நன்றாகத் தங்கும். பெருங்கடல் பக்கத்தின் பரல்களுக்குள் உப்பு எளிதாகப் புகுந்துவிடும்.

ஆழமாகத் துளையிட்டு வேகமாக இறைப்பதுதான் பெரிய தவறு. மேலே நீர்மட்டம் சற்று இறங்கினாலே கீழிருந்து உப்புநீர் கூம்பாக எழும்பிவிடும். தராவாவின் பொன்ரிகி பகுதியில் சுற்றிலும் துளைகள் உள்ள குழாய்களைக் கிடைமட்டமாகப் பதித்து மேல்நீரை மட்டும் வழித்தெடுப்பது இதனால்தான். வீட்டுக் கிணறுகளுக்கு வேறொரு கேடு: கழிப்பறையும் பன்றிப் பட்டியும் பக்கத்திலேயே இருந்தால், அந்த மணல் எதையும் வடிகட்டித் தராது. நடுப் பசிபிக்கின் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா ஆண்டுகளில் மழை பொய்க்கும். அப்போது மெல்லிய வில்லைகள்தான் முதலில் கரிக்கும்.

உணவும் இதே நீரில்தான். சேம்பு இனத்தில் மிகப் பெரிய கிழங்கான 'பபாய்' வளர, நன்னீர் தட்டுப்படும்வரை குழி தோண்டுகிறார்கள். அடியில்லாத ஓலைக்கூடையைச் செடியைச் சுற்றி வைத்து, இலைதழைகளை நிரப்பி மட்கவிடுகிறார்கள். பவள மணலில் சத்து இல்லாததால் மண்ணையே இப்படிக் கையால் ஆக்க வேண்டியிருக்கிறது. விருந்துக்கான கிழங்கு திரளப் பல ஆண்டுகள் ஆகும். கடல் ஒருமுறை கரைதாண்டிக் குழிக்குள் புகுந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் அழுகிவிடும். அந்த உப்பை மழைதான் கழுவ வேண்டும். மழை குறைந்தால் குழி வருடக்கணக்கில் சும்மா கிடக்கும்.