சுவான்ஜோ கையுவான் கோயில்: ரெண்டு கல் பகோடாவும் நம்ம நரசிம்மரும்

சீனாவுல ஃபூஜியன் மாகாணத்துல சுவான்ஜோன்னு ஒரு துறைமுக ஊர், அங்க கையுவான்னு ஒரு புத்தர் கோயில், 686-ல தொடங்கினது, ரொம்ப நாள் ஆசை போன வருஷம்தான் கூடி வந்துச்சு.

உள்ள போனா கிழக்கே ஒண்ணு மேற்கே ஒண்ணுன்னு ரெண்டு பகோடா, அதாவது அடுக்கடுக்கா எழும்பற புத்தர் கோயில் கோபுரம். கிழக்குல இருக்கறது 48 மீட்டர் சொச்சம், மேற்குல இருக்கறது 44. ரெண்டுமே எட்டுப் பட்டை, அஞ்சு அடுக்கு, முழுக்க கருங்கல். முதல்ல மரத்துல இருந்து, அப்புறம் செங்கல்லாகி, கடைசியில 1228-ல ஆரம்பிச்சு 1250-க்குள்ள ரெண்டையும் கல்லுலயே எழுப்பிட்டாங்க, ஆனா தச்சர் வேலை மாதிரியே உத்திரம், அதைத் தாங்கற போதிகை எல்லாம் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க. நடுவுல பெரிய கல் தூண், அதுலருந்து கல் உத்திரம் போய் வெளிச்சுவரைப் பிடிச்சுக்குது. ஒவ்வொரு அடுக்குலயும் நாலு வாசல் நாலு மாடம், வாசலுக்கு மேல மாடம், மாடத்துக்கு மேல வாசல்னு மாத்தி மாத்தி வருது, அதனால பாரம் ஒரே பக்கமா இறங்காது. 1604-ல அவ்ளோ பெரிய பூகம்பம் வந்தும் ரெண்டும் அசையாம நின்னிருக்கு, கட்டின கைகளைக் கும்பிடணும்.

பகோடா ஒண்ணுக்கு 80 சிற்பம். மேற்கு பகோடா நாலாவது அடுக்குல வாள் பிடிச்ச குரங்கு முகத்துக்காரர் ஒருத்தர் நிக்கறார், அனுமாரோட தொடர்புபடுத்தற ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க, எனக்கு வாயில ஜெய் ஆஞ்சநேயான்னு தானா வந்துடுச்சு.

பெரிய மண்டபத்துல அஞ்சு புத்தரையும் சேவிச்சுட்டு அப்படியே பின்பக்கம் போங்க, யாரும் அதிகமா போறதில்ல. அங்க பதினாறு பட்டை வெச்ச ரெண்டு தூண், ஹிரண்யனை மடியில போட்டுக் கிழிக்கற நரசிம்மர், மருத மரங்களுக்கு நடுவுல கண்ணன், எல்லாம் வட்டத்துக்குள்ள உள்ளங்கை அகலத்துக்கு நுணுக்கமா செதுக்கினது. யுவான் வம்சம் ஆண்ட காலத்துல (13-14-ம் நூற்றாண்டு) இந்த ஊர்ல நம்ம வணிகர்கள் கட்டின கோயிலோட தூணுங்க, அது இடிஞ்ச பிறகு, அடுத்து வந்த மிங் வம்ச காலத்துல இங்க கொண்டு வந்து நட்டுட்டாங்க. 1281-ல சிவன் கோயில் எழுப்பினதைச் சொல்ற தமிழ்க் கல்வெட்டும் இதே ஊர்லதான் கிடைச்சுது. இடிஞ்ச கோயிலோட கல்லைத் தூக்கிப் போடாம தங்களோட சன்னிதிக்கே தூணா வெச்சு இத்தனை நூறு வருஷம் காப்பாத்தியிருக்காங்களே, அந்த புண்ணியவான்களை நினைச்சு அங்கயே விழுந்து கும்பிட்டேன்.

பக்கத்து நகரமான ஷியாமென்ல இருந்து வேக ரயில்ல அரை மணி நேரம் சுமார்தான், போனா தூணைப் பார்க்காம வந்துடாதீங்க.