எடுத்த பொற்பாதம்

கபாலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு அன்றே அம்மாவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் கோயில் நாளான வெள்ளியன்று அங்கே விடுமுறை.

செப்புத்திருமேனிக் கூடத்துக்குள் நுழையும் முன்பே அம்மா செருப்பைக் கழற்றினாள். "சாமி இருக்கிற இடம்தானேப்பா?" நானும் கழற்றினேன்.

நாங்கள் தேடி வந்தவர் திருவாலங்காட்டு நடராஜர், சோழர் காலத்தவர். சுற்றி நிற்கும் தீச்சுடர் வளையமான திருவாசி இல்லை, விரிசடை இல்லை, பட்டும் மாலையும் இல்லை. வெறும் மேனி, ஆடுகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படத்தில் மட்டும் இவரைப் பார்த்து உருகி எழுதினார். அவர் மறைந்தபின் 1921-இல் அது அச்சாயிற்று. நேரில் நிற்கிற பேறு எனக்கு.

கோயிலில் கற்பூர வெளிச்சத்தில் திருமுகத்தைப் பார்ப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும். இங்கே பாதத்தையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். துடி என்கிற உடுக்கை படைக்கிறது, அமைத்த கை காக்கிறது, தீ அழிக்கிறது, ஊன்றிய பாதம் மறைக்கிறது, தூக்கிய பாதம் அருள்கிறது: சின்ன வயதிலேயே மனப்பாடம். ஆனால் இறைவன் எதற்காகத் தன்னை நம்மிடமிருந்து மறைக்க வேண்டும்? அப்பா போனதிலிருந்து அம்மாவும் வேறு வார்த்தைகளில் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஊன்றிய காலைப் பார்த்தேன். முழங்கால் மடங்கியிருக்கிறது, காலடியில் கிடக்கும் அசுரன் முயலகன் முதுகின் மேல் மொத்தப் பாரமும் அதில்தான். தூக்கிய பாதத்துக்குப் பாரமே இல்லை. மார்புக்குக் குறுக்கே நீண்ட இடக்கை அந்தப் பாதத்தைத்தான் காட்டுகிறது. ஊன்றாமல் எப்படித் தூக்குவது? மறைப்பதும் அருள்வதும் ஒரே ஆட்டத்தின் இரண்டு கால்கள். எத்தனையோ உரைகளில் பிடிபடாதது, வார்ப்புக்கான மெழுகு உருவில் அந்த முழங்காலை மடக்கிய, பெயர் தெரியாத ஸ்தபதியின் கையால் எனக்குப் புரிந்தது.

திரும்பினால், அம்மா தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்க வேண்டும்' என்று வரம் கேட்ட காரைக்கால் அம்மையார் தங்கிய ஊரல்லவா ஆலங்காடு! நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழிருந்து பார்க்கும்போது எடுத்த பாதம் நம் தலைக்கு மேலே வருகிறது. காவலர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அம்மா மெல்லிய குரலில் அப்பரின் 'குனித்த புருவமும்' பாடத் தொடங்கினாள். 'இனித்தம் உடைய எடுத்த பொற்பாதமும்' வந்ததும் குரல் நின்றது. அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை நான் பாடினேன்.