ஈஜிபுரா செபக் குறிப்புகள்

ஆகஸ்ட் 29, 2025, வெள்ளி

ஊரில் இருந்தவரை செபிப்பது நானாக முடிவெடுத்துச் செய்யும் காரியமாக இருக்கவில்லை. குமரிக் கடற்கரையில் சாயங்காலமானால் கோயில் மணி அடிக்கும், அம்மா செபமாலையை எடுப்பாள், எல்லாரும் முழங்காலில் நிற்போம். அடுத்த வீட்டிலிருந்தும் அதே ‘அருள் நிறைந்த மரியே’தான் கேட்கும். பெங்களூரில் அந்த மணி இல்லை. ஆறு மணிக்கு நான் எலக்ட்ரானிக் சிட்டியில் வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பேன். இரவு பதினொன்றரைக்கு ஈஜிபுராவில் நான் தங்கியிருக்கும் பிஜி விடுதியில் வந்து விழுந்தால் கை தானாக ஃபோனுக்குப் போகிறது.

விசுவாசம் போய்விடவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஞாயிறு திருப்பலிக்குப் போகிறேன், நற்கருணை வாங்கும்போது மனம் இளகத்தான் செய்கிறது. தினமும் ஒரு நேரம் ஒதுக்கி ஆண்டவரோடு உட்காருவது மட்டும் நிலைக்க மாட்டேன் என்கிறது. சில நாள் நன்றாகப் போகும், அப்புறம் மாதக் கடைசி வேலை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். இதை எழுதி வைத்தாவது பார்க்கிறேன்.

சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் இன்று மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றம். ஒன்பது நாள் வேண்டுதலான நவநாளில் ஒரு காலையாவது போக வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

போய்விட்டு வந்தேன். காலையிலேயே அவ்வளவு கூட்டம். காவிப் புடவை கட்டிய பெண்கள், கைக்குழந்தைகள், மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்கும் இந்துக் குடும்பங்கள், பர்தா அணிந்த அம்மாக்கள். தமிழ்த் திருப்பலி முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா மாதாவிடம் வாய்விட்டே பேசினார். வாடகை பாக்கி, மகனின் குடி, மருமகளின் பிரசவத் தேதி என்று ஒன்றையும் விடவில்லை. இன்றைக்கு மனம் ஒன்றுகிறதா என்று அவர் தன்னையே சோதித்துப் பார்க்கவில்லை. சொல்ல விஷயம் இருந்தது, சொன்னார். நான் முழங்காலில் நின்றால் முதல் வேலையாக என் மனதைத்தான் கவனிக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று உரோமையில் இத்தாலிய இளைஞர்களான கார்லோ அகுதிஸுக்கும் பியர் ஜார்ஜோ ஃப்ரசாத்திக்கும் புனிதர் பட்டம். பிஜியில் மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு நேரலை பார்த்தேன். கார்லோ 1991-இல் பிறந்து 2006-இல், 15 வயதில், இரத்தப் புற்றுநோயில் இறந்தவர். எல்லாரும் அவருடைய கம்ப்யூட்டரையும் ஜீன்ஸையும்தான் பேசுகிறார்கள். எனக்கு உறைப்பது வேறு. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியதிலிருந்து அவர் தினமும் திருப்பலிக்குப் போக முயன்றார், தினமும் செபமாலை சொன்னார். பள்ளிக்கூடம், நண்பர்கள், வீடியோ கேம் எல்லாம் அவருக்கும் இருந்தன. ஃப்ரசாத்தி இறந்தபோது வயது 24. எனக்கும் வருகிற மார்ச்சில் 24.

இவர்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கம் வருகிறது. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். செபிக்க முடியாத நாளிலும் செபிக்க ஆசை இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

செப்டம்பர் 11, வியாழன்

தலைவலி. சிலுவை அடையாளம் மட்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் பிஜியிலிருந்து நடக்கிற தூரம்தான். வியாழக்கிழமை நவநாள் என்பதால் தெரு முழுக்கப் பூக்கடைகளும் மெழுகுவர்த்திக் கடைகளும். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். “ஃபாதர், செபத்தில் கவனம் சிதறுது, அதனால பாதியிலேயே எழுந்துடறேன்” என்றேன். “எதை நினைச்சுச் சிதறுதும்மா?” என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வேலை நிரந்தரமாகுமா, அப்பாவின் படகுக் கடன் எப்போது அடையும், வீட்டில் பேசும் கல்யாணம் என்று சொன்னேன். “அதையெல்லாம் எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டு வந்து ஆண்டவர்கிட்ட என்ன பேசப் போற?” என்றார்.

திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2729-ஆம் எண்ணைப் படிக்கச் சொன்னார். வந்ததும் தேடிப் படித்தேன். சிதறும் எண்ணங்களைத் துரத்திக்கொண்டு போவதே ஒரு கண்ணி, இதயத்துக்குத் திரும்பி வந்தால் போதும் என்கிறது. நம் மனம் எதில் ஒட்டிக்கிடக்கிறது என்பதைக்கூட அந்தச் சிதறல் காட்டிக்கொடுக்குமாம். அதற்குச் சற்று முன்னால், 2725-இல், செபம் ஒரு போராட்டம் என்றே எழுதியிருக்கிறது. இத்தனை வருட மறைக்கல்வி வகுப்பில் இது என் காதில் விழவே இல்லை. செபம் என்றால் அமைதி என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். முதலிலேயே போராட்டம் என்று சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் தைரியமாக இருந்திருப்பார்கள்!

இன்னொன்றும் சொன்னார் ஃபாதர். வறட்சியாக இருக்கும் நாளில் குறித்த நேரத்தைக் குறைக்கக் கூடாது, முடிந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்பது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் அறிவுரையாம். நான் இதுவரை செய்தது இதற்கு நேர் எதிர்.

அக்டோபர் 1, புதன்

குழந்தை தெரேசாளின் திருநாள். கார்மேல் மடத்திலேயே வாழ்ந்த அவளும் செப நேரத்தில் தூங்கிவிழுந்திருக்கிறாள், பல வருடங்களாக. பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றோருக்குப் பாசம் ஒன்றுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். நேற்றிரவு செபமாலையின் ஐந்து பகுதிகளில் மூன்றாம் பத்துமணியில் தூங்கிப்போன எனக்கு இது போதும்.

அக்டோபர் 7, செவ்வாய்

செபமாலை மாதா திருநாள். இந்த மாதம் முழுவதும் சமாதானத்துக்காகத் தினமும் செபமாலை சொல்லும்படி திருத்தந்தை 14-ஆம் லியோ கேட்டிருக்கிறார். இரவை விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் கேபில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். சில்க் போர்டு நெரிசலில் வண்டி நிற்கும்போது ஐந்து பத்துமணியும் முடிந்துவிடுகின்றன. கையில் செபமாலை மோதிரம், காதில் வெறும் ஹெட்ஃபோன். பக்கத்து சீட் பெண் பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

அம்மா ஃபோனில், “மக்ளே, இன்னைக்கு செவ்வாயாக்கும், துக்கத் தேவ ரகசியம், மறந்துராத” என்றாள். செபமாலையில் தியானிக்கும் இயேசுவின் பாடுகள்தான் அவை; அதில் முதல் மறையுண்மை, கைதாகும் முன் அவர் கெத்சமனித் தோட்டத்தில் வேண்டியது. எத்தனையோ முறை சொன்னதுதான். இன்று மத்தேயு 26-ஐ எடுத்துப் படித்தபோது ஒரு வசனத்தில் நின்றுவிட்டேன். இயேசு மூன்றாம் முறையும் போய், முன்பு சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினாராம். அதே வார்த்தைகள்! சீடர்கள் தூங்குகிறார்கள், இவருக்குச் சாவு வரைக்கும் துயரம். அந்த இரவில் அவர் புதிதாக எதையும் தேடவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்கிறார்.

மனப்பாடச் செபம் உயிரில்லாதது, சொந்த வார்த்தையில் பேசுவதுதான் உண்மையான செபம் என்று கல்லூரியில் சில தோழிகள் சொல்லுவார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியாது. ஓய்ந்துபோன மனதுக்குச் சொந்த வார்த்தை வராது. அப்போது அம்மாவும் பாட்டியும் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் என்னைத் தூக்கிக்கொண்டு போகின்றன. எப்படி வேண்டுவது என்று தெரியாத நமக்காக ஆவியானவரே பரிந்து பேசுகிறார் என்று பவுல் உரோமையருக்கு எழுதியதை இந்தக் கேபில்தான் நம்பத் தொடங்கினேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று அவிலா தெரேசாவின் திருநாள். குழந்தை தெரேசாள் இல்லை, இவர் வேறு. செபத்தைப் பற்றி எழுதியதற்காகவே கொண்டாடப்படுபவர், 1970-இல் திருச்சபைக்கே ஆசிரியர் என்ற பொருளில் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டவர். அவரே தன் வரலாற்றில், செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்த வருடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். செபக்கூடத்துக்குள் நுழையும்போதே சோகம் கவ்வுமாம். தன்னை வற்புறுத்தி உட்கார்ந்த நாட்களில்தான் பிறகு அதிக அமைதி கிடைத்தது என்கிறார்.

நேற்றும் இன்றும் கேபில் சொல்லவில்லை. டீம் லீடர் வழியிலேயே மீட்டிங் வைத்துவிட்டார். இரவு வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். வறண்டுதான் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அறைத்தோழி சேலம் போய்விட்டாள், பிஜியே காலி. எனக்கு லீவு. ஒரு நாள் முழுக்கத் தனிமை கிடைத்தால் எப்படியெல்லாம் செபிக்கலாம் என்று பல மாதமாக எண்ணியிருந்தேன். கிடைத்தது. பைபிளை விரித்துப் பத்து நிமிடம் ஆனதும் தவிப்பு வந்துவிட்டது, கேபில் வருவதைவிட அதிகமாக. ஆக, பெங்களூரின் இரைச்சல் மட்டும் காரணமில்லை, ஷிஃப்ட் மட்டும் காரணமில்லை. அமைதி வந்தால் செபிப்பேன் என்று காத்திருந்தால் கிழவியாகிவிடுவேன். இஞ்ஞாசியார் சொன்னபடி இன்னும் ஐந்து நிமிடம் கூட்டி உட்கார்ந்தேன். தவிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் எழுந்தபோது, நான் அங்கே இருந்ததை ஆண்டவர் அறிவார் என்று தோன்றியது.

கேப் பன்னிரண்டே காலுக்கு வரும். காலை, மதியம், மாலை என்று மாதாவை நினைத்துச் சொல்லும் மூவேளைச் செபம் மதியம் பன்னிரண்டுக்கும் உண்டு, சொல்ல இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். ஃபோனில் பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன், அதே நேரத்தில் அவளும் அங்கே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். நாளையிலிருந்து.